கண்மாயும் ஓடையும் உள்ள ஊருக்கு மேடுபள்ள வரைபடம்: முழுமையான வழிகாட்டி

சிவகங்கை, இராமநாதபுரம், மதுரைக்குக் கிழக்கே உள்ள ஊர்கள் மாதிரியான தட்டையான கண்மாய்ப் பகுதியில் வேலை செய்கிறவர்களுக்காக எழுதியது இது. தூர்வார, கரை உயர்த்த, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைச் சீராக்க, எதற்குப் போனாலும் முதலில் தேவைப்படுவது ஊரின் மேடுபள்ளப் படம். மலையடிவாரத்தில் செயற்கைக்கோள் உயரத் தரவே பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும். இங்கே கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான் சரிவு, கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறுமா ஏறாதா என்பது ஒரு சாண் உயரத்தில் முடிவாகிவிடும், அந்த ஒரு சாணை எந்தச் செயற்கைக்கோளும் காட்டாது.

புதிதாக வருகிறவர்கள் ஆட்டோ லெவலை (உயர வித்தியாசம் பார்க்கும் கருவி) இயக்கச் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள், தடுமாறுவது வரிசையில்தான். வந்ததும் வராததுமாக வயலில் கட்டம் போட்டுப் புள்ளி எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். தண்ணீர் எந்த வழியில் போகிறதோ அந்த வழியில் முதலில் மட்டம் எடுங்கள், கட்டம் அப்புறம்.

1. எல்லையும் அளவும் முதலில்

ஒரு கண்மாய், அதன் வரத்துக்கால், அதில் பாசனம் பெறும் வயல்களான ஆயக்கட்டு, உபரித் தண்ணீர் போகும் மறுகால் ஓடை அடுத்த கண்மாயைத் தொடும் இடம் வரை. இதுதான் ஒரு படத்துக்கான எல்லை. வருவாய்க் கிராம எல்லையோடு நிறுத்தினால் தண்ணீர் வருமிடமோ போகுமிடமோ பாதியில் அறுந்துவிடும். ஆர்.எஸ். மங்கலம் கண்மாய் மாதிரி ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ உள்ளதை முதல் வேலையாக எடுக்காதீர்கள். நாலைந்து மடை உள்ள ஊர்க் கண்மாய் போதும்.

அளவுத்திட்டம் 1:2000 வைத்துக்கொள்ளுங்கள். ஏ1 தாளில் சுமார் 1.2 கிலோமீட்டருக்கு 1.7 கிலோமீட்டர் அடங்கும், தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 2 மீட்டர். சம உயரக் கோடுகளின் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) உயர இடைவெளி அரை மீட்டர், கண்மாய் உள்வாயில் (தண்ணீர் நிற்கும் உட்பகுதி) கால் மீட்டர். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாளில் இந்த இடைவெளி பொதுவாக 20 மீட்டர், அதாவது உங்கள் ஊரில் ஒரு கோடுகூட ஓடாமல் இருக்கலாம். அந்தத் தாளை ஓடை எங்கிருந்து வருகிறது, எந்தக் கண்மாய் எதற்கு மேலே என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

காகிதங்கள்: கிராம வரைபடம், அ-பதிவேடு (புல எண்வாரியான நில விவரம்), கண்மாய், ஓடை, வாய்க்கால் புறம்போக்குகளின் புலப்படங்கள் (ஒவ்வொரு புலத்தின் அளவுப்படம்). புலப்படத்தைத் தமிழக அரசின் இணையச் சேவைத் தளத்திலேயே புல எண் கொடுத்து எடுக்கலாம். கிராம வரைபடம் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும். பழைய பிரதியில் நீளங்கள் லிங்க் கணக்கில் இருந்தால் 1 லிங்க் 20.1 சென்டிமீட்டர். இதைக் கவனிக்காமல் மீட்டர் என்று நினைத்துப் படம் போட்டவர்களின் கண்மாய் ஐந்து மடங்கு பெரிதாகியிருக்கிறது.

ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் என்றால் கண்மாய் நீர்வளத்துறையிடம் இருக்கும், அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். துறை கண்மாயாக இருந்தால் பழைய டேங்க் மெமோயர் (கண்மாயின் விவரக் குறிப்பேடு) கிடைக்கிறதா என்று கேளுங்கள். முழு நீர்மட்டம், கரை மேல்மட்டம், மடை அடிமட்டம் எல்லாம் அதில் இருக்கும். அந்த எண்கள் எந்தப் புள்ளியை ஆதாரமாக வைத்து எடுத்தவை என்பது தெரியாமல் உங்கள் கணக்கோடு கலக்காதீர்கள், வித்தியாசங்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

கருவிகள்: ஆட்டோ லெவல், டிரைபாட், 4 அல்லது 5 மீட்டர் ஸ்டாஃப் (அளவு குறித்த கோல்), 30 மீட்டர் டேப், ஒரு தட்டையான இரும்புத் தகடு, பெயின்ட், லெவல் புக். லெவல் எல்லா நகரங்களிலும் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆள் மூன்று பேர்: கருவியில் ஒருவர், ஸ்டாஃப் பிடிக்க ஒருவர், எழுத ஒருவர். இரண்டு பேரோடு போனால் ரீடிங் பார்ப்பவரே எழுதுவார், மதியத்துக்கு மேல் எண்கள் இடம் மாறும்.

காலம்: பங்குனியிலிருந்து ஆனி வரை. தை, மாசியில் அறுப்பு முடிந்து, உள்வாய் காய்ந்து, நடக்க முடிகிற காலம். வெயில் ஏறினால் வெறும் தரைக்கு மேலே காற்று நெளியும், ஸ்டாஃபின் எண்கள் ஆடும். காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்கு நிறுத்துங்கள், மாலை நாலுக்கு மேல் மறுபடி.

3. கணினியில் அடிப்படைப் படம்

க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், இந்த வேலைக்கு அது தாராளம். முதல் வேலை ஆயமுறையை (இடத்தை எண்களால் குறிக்கும் முறை) சரியாக வைப்பது. தமிழ்நாட்டை 78 டிகிரி தீர்க்கக்கோடு இரண்டாகப் பிரிக்கிறது: கிழக்கே மீட்டரில் அளக்கும் யுடிஎம் ஆயமுறையின் 44 வடக்கு மண்டலம் (மென்பொருளில் இபிஎஸ்ஜி எண் 32644), மேற்கே 43 வடக்கு (32643). சிவகங்கை, இராமநாதபுரம் 44. விருதுநகர் 43-லும் பக்கத்து அருப்புக்கோட்டை 44-லும் வரும், அந்தப் பக்கம் வேலை செய்தால் ஒன்றை முடிவுசெய்து கடைசிவரை அதிலேயே இருங்கள். ஆயமுறையை டிகிரியிலேயே விட்டுவிட்டுப் பரப்பளவு கேட்பவர்கள் நிறைய, வரும் எண்ணுக்கு அர்த்தமே இருக்காது.

அடுத்து புலப்படத்தைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் உட்கார வைப்பது. கரையின் முனை, கலுங்கின் (உபரித் தண்ணீர் வழியும் அமைப்பு) இரண்டு ஓரம், கிணற்று மூலை, பாதைச் சந்திப்பு என்று இன்றும் மாறாத இடங்களைப் பிடியுங்கள். நாலு மூலைக்கும் பரவலாக ஆறேழு புள்ளி வேண்டும். மாற்றுமுறையில் ஹெல்மெர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். அது படத்தை நகர்த்தும், சுழற்றும், அளவை மாற்றும், அவ்வளவுதான். தின் பிளேட் ஸ்ப்லைன் போட்டால் பிழை பூஜ்யம் என்று காட்டி ஆளை மயக்கும், உண்மையில் சங்கிலி போட்டு அளந்த நல்ல படத்தை ரப்பராக இழுத்துக் கெடுத்திருக்கும்.

இலவச உயரத் தரவு (எஸ்ஆர்டிஎம், கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர், புவன் தளத்தின் கார்ட்டோசாட்) பற்றி ஒரு எச்சரிக்கை. இவை மேற்பரப்பைத்தான் அளக்கின்றன, சீமைக்கருவேலத்தின் தலை தரையாகப் பதிவாகும். மூன்று மீட்டர் கரை 30 மீட்டர் கட்டத்துக்குள் கரைந்துபோகும். அதைவிட மோசம், நீர்ப்பிடிப்பு எல்லையைத் தானாக வரையும் கருவிகள் முதலில் பள்ளங்களை நிரப்பும். கண்மாய் என்பதே ஒரு பள்ளம்தானே, அதையும் நிரப்பிவிட்டுத் தண்ணீரை நேராக அடுத்த ஊருக்கு அனுப்பிவிடும். வரும் எல்லையை ஒரு ஊகமாக மட்டும் பென்சிலில் வையுங்கள்.

4. நிறைந்த கண்மாயை வானிலிருந்து பிடிப்பது

வேலையில் எனக்கு மிகவும் பிடித்த படி இது, செலவும் இல்லை. கண்மாய் நிறைந்து கலுங்கு பாயும் நாளில் தண்ணீரின் விளிம்பு எங்கே நிற்கிறதோ, அது கலுங்கின் உச்சி மட்டத்தில் இயற்கை வரைந்த சம உயரக் கோடு. அந்த நாளின் செயற்கைக்கோள் படம் கிடைத்தால் ஒரு கோடு இனாமாக வந்துவிடுகிறது.

தேதியை ஊரில் கேளுங்கள். மறுகால் பாயும் வீடியோ யாராவது ஒருவர் போனில் கட்டாயம் இருக்கும், அதில் தேதியும் இருக்கும். அந்த வாரத்து சென்டினல்-2 படத்தை எடுத்து, பச்சை அலைவரிசையையும் அண்மை அகச்சிவப்பையும் (பி3, பி8) வைத்து நீர்க்குறியீடு கணக்கிட்டால் தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கும். ஐந்து நாளுக்கு ஒரு படம் வரும் என்றாலும் ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைக்கும். அப்போது மேகத்தைத் தாண்டிப் பார்க்கும் சென்டினல்-1 ரேடார் படத்துக்குப் போங்கள். தண்ணீர் வற்ற வற்ற மார்கழி, தை, மாசிப் படங்களையும் எடுத்து வைத்தால் உள்வாயின் உருவம் அடுக்கடுக்காக வரும். அவற்றின் உயரம் மட்டும் இன்னும் தெரியாது, அதைப் பின்னால் லெவல் சொல்லும்.

விளிம்பில் கருவேலம் அடர்ந்த இடத்தில் தண்ணீர் படத்தில் தெரியாது. அங்கே கோடு உள்ளே ஒதுங்கியிருக்கும், களத்தில் சரிபார்க்கக் குறித்துக்கொள்ளுங்கள். படம் 10 மீட்டர் கட்டம் என்பதால் ஒரு கட்டம் முன்பின் எதிர்பாருங்கள்.

5. கருவி இல்லாமல் முதல் நடை

நீர்பாய்ச்சியை (வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடுபவர்) கூட்டிக்கொண்டு வரத்துக்கால் தலையிலிருந்து மறுகால் வரை நடந்துவிடுங்கள். போனில் க்யூஃபீல்டு செயலியை வைத்து மடை, கலுங்கு, பாலம், சிறுபாலம், உடைப்பு, அடைபட்ட இடம் எல்லாம் புள்ளியாக வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ எடுங்கள். போன் ஜிபிஎஸ் 3 முதல் 5 மீட்டர் வரை தவறும், அடையாளம் வைக்க அது போதும்.

இந்த நடையில்தான் படத்தில் இல்லாத விஷயங்கள் வரும்: சாலைக்கு அடியில் மண்மூடிய குழாய், யாரோ திருப்பிவிட்ட ஓடை, பக்கத்து ஊரோடு முறைவைத்துத் தண்ணீர் பிரிக்கும் இடம்.

“எதுக்குத் தம்பி அளக்குறீங்க, ரோடு வருதா?” என்று கேட்பார்கள். உள்வாயில் சாகுபடி செய்கிறவர்கள் கேட்காமலே முறைப்பார்கள். முன்கூட்டியே ஊராட்சித் தலைவரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் எழுத்தில் தெரிவித்துவிட்டு, அந்தத் தாளைப் பையில் வைத்திருங்கள். யாருடைய நிலத்துக்கும் எல்லைக் கல் காட்டாதீர்கள், அது அரசு நில அளவரின் வேலை. நீங்கள் போடுவது மட்டப் படம், எல்லைப் படம் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

6. கருவிச் சோதனையும் ஆதாரப் புள்ளியும்

வாடகை லெவலை நம்பி நேராக வேலைக்குப் போகாதீர்கள். 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடித்து, நடுவில் கருவியை வைத்து இரண்டு ரீடிங் எடுங்கள். வித்தியாசம் 0.320 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். நடுவில் நின்றதால் கருவியின் பிழை இரண்டு பக்கமும் சமமாகி அடிபட்டுவிட்டது, இதுதான் உண்மை வித்தியாசம். இப்போது ஒரு முளைக்கு இரண்டு மூன்று மீட்டர் பக்கத்தில் கருவியை வைத்து மறுபடி எடுங்கள். 0.335 வந்தால் 15 மில்லிமீட்டர் பிழை, கருவியைத் திருப்பிக் கொடுங்கள்.

எல்லா மட்டங்களுக்கும் தொடக்கமான ஆதாரப் புள்ளியைக் கலுங்கின் பக்கச்சுவரில் வையுங்கள், அது அசையாது, ஊருக்கே தெரிந்த இடம். உளியால் ஒரு குறி வெட்டிப் பெயின்ட் அடித்து 100.000 என்று மதிப்புக் கொடுத்தால் போதும். கடல்மட்ட உயரம் வேண்டும் என்றால் சர்வே ஆஃப் இந்தியாவின் பெஞ்ச்மார்க்கிலிருந்து (உயரம் தெரிந்த குறி) கடத்தி வர வேண்டும். ரயில் நிலையப் பெயர்ப் பலகையில் உள்ள உயரம் தோராயமாக ஒப்பிட மட்டும்.

ஜிபிஎஸ் உயரத்தை இங்கே கலக்காதீர்கள். தென் தமிழ்நாட்டில் ஜிபிஎஸ் கணக்கிடும் நீள்கோளப் பரப்பு கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 90 மீட்டர் மேலே இருக்கிறது. அதனால் இராமநாதபுரம் கடற்கரையில் நிற்கும் ஆளுக்குத் திருத்தாத ஜிபிஎஸ் மைனஸில் உயரம் காட்டும். கருவி கெட்டுப்போய்விட்டதாக நினைத்து வேலையை நிறுத்தியவர்கள் உண்டு.

7. மட்டம் எடுக்கும் வரிசை

கலுங்கு முதலில். உச்சியின் மட்டத்தை இரண்டு ஓரத்திலும் நடுவிலும் எடுங்கள். மூன்றும் ஒன்றாக இருக்காது, ஓரிடத்தில் கல் பெயர்ந்திருக்கும், அந்தத் தாழ்ந்த இடம்தான் இன்றைய உண்மையான முழு நீர்மட்டம். இதை ஏன் முதலில் என்றால், இனி எடுக்கும் ஒவ்வொரு எண்ணையும் இதோடுதான் ஒப்பிடப் போகிறீர்கள்.

அடுத்து வரத்துக்கால், தலையிலிருந்து கண்மாய் வரை. 30 மீட்டருக்கு ஒருமுறை அடிமட்டம், இரண்டு கரை. சிறுபாலம் ஒவ்வொன்றின் தளத்தையும் தவறாமல் எடுங்கள். வாய்க்காலைத் தோண்டி ஆழப்படுத்தியும் தண்ணீர் வராத ஊர்களில் பெரும்பாலும் ஒரு பாலத்தின் கான்கிரீட் தளம்தான் வாய்க்கால் அடியைவிட உயரமாக உட்கார்ந்திருக்கும்.

கரை: ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 30 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு. உச்சி, உள் அடிவாரம், வெளி அடிவாரம் மூன்றும் கட்டாயம். மாடு ஏறி இறங்கும் தடம், டிராக்டர் தடம் எல்லாம் தாழ்ந்திருக்கும், அங்கே கூடுதல் புள்ளி. வெள்ளத்தில் கரை உடைவது சராசரி உயரத்தில் அல்ல, அந்தத் தடத்தில்.

மடைகள்: ஒவ்வொன்றின் அடிமட்டம். அதற்குக் கீழே நிற்கும் தண்ணீர் வயலுக்குப் போகாது, கொள்ளளவுக் கணக்கில் அதைத் தனியாகக் காட்ட வேண்டும். மண்ணில் புதைந்திருந்தால் தோண்டிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும், மேலே படிந்த மண்ணின் மட்டத்தை எழுதிவிட்டுப் போகக் கூடாது.

உள்வாய்: கரைக்குச் செங்குத்தாக 30 மீட்டர் இடைவெளியில் கோடுகள், கோட்டில் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. நான்காம் படியில் பிடித்த நீர்விளிம்பு வரை போங்கள், அதைத் தாண்டியும் இரண்டு புள்ளி. கரம்பை (வண்டல் மண்) எடுத்த குழிகளைத் தனியாக விளிம்பும் அடியும் எடுத்துக் குறியுங்கள், ஒரே ஒரு புள்ளி குழிக்குள் விழுந்தால் படத்தில் பெரிய பள்ளமாக விரியும்.

ஆயக்கட்டு: இங்கே கட்டம் வேண்டாம். நெல் வயல் ஏற்கனவே சமப்படுத்தியது, வயலுக்கு நடுவில் ஒரு புள்ளி, வரப்பில் ஒரு புள்ளி போதும். கட்டம் போட்டால் வயலுக்கு வயல் உள்ள படிக்கட்டு இறக்கம் தவறிப்போய், வழுவழுவென்று ஒரு பொய்யான சரிவு வரும். வயல்வாய்க்காலின் அடியைக் கடைமடை வரை தொடர்ந்து எடுங்கள்.

கடைசியாக மறுகால் ஓடை, அடுத்த கண்மாயின் கலுங்கு வரை. கீழ்க் கண்மாயின் கலுங்கை உயர்த்தியிருந்தால் அதன் தண்ணீர் உங்கள் ஆயக்கட்டில் வந்து ஏறும். இந்த ஒரு எண்ணுக்காக இரண்டு ஊர்கள் வருஷக்கணக்கில் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருக்கும். எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

கையாளும்போது கவனிக்க: ரீடிங் தூரம் 50 மீட்டரைத் தாண்ட வேண்டாம், பேக் சைட்டும் (மட்டம் தெரிந்த புள்ளியில் எடுக்கும் ரீடிங்) ஃபோர் சைட்டும் (கருவியை நகர்த்தும் முன் எடுக்கும் கடைசி ரீடிங்) ஏறக்குறைய சம தூரத்தில் இருக்கட்டும். கரிசலில் ஸ்டாஃப் புதையும், கருவியை நகர்த்தும் மாற்றுப் புள்ளிகளில் இரும்புத் தகட்டின் மேல் வையுங்கள். ஸ்டாஃபின் அடுக்குகள் முழுதாக இழுத்துப் பூட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டாஃபை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லி மிகக் குறைந்த ரீடிங்கை எழுதுங்கள், நேராக நிற்கும்போது வருவது அதுதான்.

கருவியின் கண்ணாடிக்குள் தெரியும் மூன்று கம்பிகளையும் வாசியுங்கள். மேல், கீழ் கம்பிகளின் சராசரி நடுக்கம்பியோடு ஒத்துப்போனால் வாசிப்பு சரி. அவற்றின் வித்தியாசத்தை நூறால் பெருக்கினால் தூரம் வந்துவிடும். கருவியின் அடிவட்டத்தில் கோணத்தையும் எழுதினால் புள்ளியின் இருப்பிடமும் கிடைக்கும், போன் ஜிபிஎஸ்ஸைவிட நன்றாகவே.

8. கணக்கை அன்றைக்கே மூடுங்கள்

ஆதாரப் புள்ளி 100.000, பேக் சைட் 1.435, ஆக கருவி உயரம் 101.435. மாற்றுப் புள்ளியில் ஃபோர் சைட் 1.210, அதன் மட்டம் 100.225. இப்படியே போய்த் தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்து மூட வேண்டும். பேக் சைட் கூட்டுத்தொகையிலிருந்து ஃபோர் சைட் கூட்டுத்தொகையைக் கழித்தால் வருவதும் கடைசி மட்டத்துக்கும் முதல் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசமும் ஒன்றாக இருக்க வேண்டும். இது கூட்டல் கழித்தலை மட்டும்தான் சோதிக்கும், தவறாக வாசித்த எண்ணை மூடல்பிழைதான் (தொடங்கிய மட்டத்துக்கும் திரும்பி வந்த மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்) காட்டும்.

சாதாரண லெவலிங்கில் ஒப்புக்கொள்ளும் பிழை, கிலோமீட்டரின் வர்க்கமூலத்தை 24-ஆல் பெருக்கி வரும் மில்லிமீட்டர். நாலு கிலோமீட்டர் சுற்றுக்கு 48 மில்லிமீட்டர். அதற்குள் வந்தால் மாற்றுப் புள்ளிகளுக்குப் பகிர்ந்துவிடுங்கள், தாண்டினால் மறுநாள் அதே சுற்றை எடுங்கள். சரியாக ஒரு மீட்டரோ பத்து சென்டிமீட்டரோ பிழை வந்தால் அது வாசிப்புத் தவறு, பகிரக் கூடாது, தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

9. சம உயரக் கோடுகள், கொள்ளளவு

புள்ளிகளை சிஎஸ்வி கோப்பாக ஏற்றி, முக்கோண வலை முறையில் மேற்பரப்பு உருவாக்குங்கள். அதற்கு முன் கரை உச்சி, இரண்டு அடிவாரம், ஓடைக்கரை, வாய்க்கால் அடி எல்லாவற்றையும் முறிவுக்கோடுகளாக (சரிவு சட்டென்று மாறும் கோடுகள்) கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மென்பொருள் உள்வாய்ப் புள்ளியையும் வயல் புள்ளியையும் கரைக்குக் குறுக்கே இணைத்துவிடும், பாதிக் கரை காணாமல்போகும்.

வந்த கோடுகளில் கலுங்கு மட்டக் கோட்டை எடுத்து நீர்விளிம்புப் படத்தின் மேல் போடுங்கள். பொருந்தினால் நிம்மதி. ஓரிடத்தில் மட்டும் விலகினால் அங்கே புள்ளி குறைவு, அல்லது கருவேலம். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விலகினால் கலுங்கு மட்டத்தை மறுபடி பாருங்கள்.

கொள்ளளவுக்கு, அடுத்தடுத்த இரண்டு கோடுகளின் பரப்பைக் கூட்டி, அவற்றின் பெருக்கத்தின் வர்க்கமூலத்தையும் சேர்த்து, உயர வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கால் பெருக்குங்கள். 8 ஹெக்டேர், 10 ஹெக்டேர், அரை மீட்டர் என்றால் சுமார் 44,900 கன மீட்டர், அதாவது 1.6 மில்லியன் கன அடிக்குக் கொஞ்சம் கீழே. துறைக் காகிதங்கள் மில்லியன் கன அடியில் பேசும் என்பதால் இரண்டையும் எழுதுங்கள்.

10. ஊரில் காட்டி, கோப்பை மூடுவது

ஏ1 தாளில் அச்சடித்து எடுத்துப் போய் நீர்பாய்ச்சியிடமும் கடைமடை விவசாயிகளிடமும் காட்டுங்கள். சம உயரக் கோடு என்று விளக்கிக்கொண்டிருக்காமல், “இந்த வயலுக்கு அப்புறம்தான் அந்த வயலுக்குத் தண்ணீர் போகும்னு படம் சொல்லுது, சரியா?” என்று கேளுங்கள். இல்லை என்றால் வாதாடாமல் அந்த இரண்டு வயலையும் மறுநாள் காலை லெவல் வைத்துப் பாருங்கள். படத்தில் வயல்வாய்க்கால் மட்டம் விட்டுப்போன இடங்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிடிபடும்.

கோப்பில் வைக்க வேண்டியவை: லெவல் புக்கின் போட்டோ, திருத்தாத சிஎஸ்வி, திருத்திய சிஎஸ்வி, ஆயமுறை, ஆதாரப் புள்ளியின் மதிப்பு, அது இருக்கும் சுவரின் போட்டோ இரண்டு கோணத்தில். கலுங்கை இடித்துக் கட்டும் வேலை வந்தால் அந்தக் குறி போய்விடும், அதனால் ஊர்க் கோயில் படி, பள்ளிக்கூடத் திண்ணை என்று இன்னும் இரண்டு இடத்துக்கு மட்டத்தைக் கடத்தி எழுதி வையுங்கள். ஒரு பிரதி ஊராட்சி அலுவலகத்துக்கு.